மணியின் குற்றம் கூறும் சொற்கள்

கவுந்தியடிகளின் பாதுகாப்பில் கண்ணகியை விட்டுவிட்டு, மதுரை மாநகரைக் காணவும் அந்நகர வணிகர்க்குத் தன் நிலையை உணர்த்தவும் கோவலன் புறப்படுகிறான். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை இதனைக் கூறுகிறது. அவன் கண்ட தெருக்களுள் ஒன்று மணிகள் விற்கும் வீதி. கோவலன் வணிகர் குடியில் பிறந்தவன். மணியின் தரம் அறிந்தவன். அடுத்த சில காதைகளுக்குள் ஒரு சிலம்பின் பொருட்டு அவன் உயிர் போகப்போகிறது என்பதைக் கற்பவர் அறிவர். அவன் அறியான்.

இரத்தினக் கடைத்தெருவைப் பாட முனையும் புலவர் ஒளியையும் அழகையும் விலையையும் முதலில் பாடுவதே இயல்பு. இளங்கோவடிகளோ வயிரத்தைச் சொல்லத் தொடங்கும்போதே அதில் இருக்கலாகாத நான்கு குற்றங்களைச் சொல்லிவிடுகிறார். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்பன அவை. காகபாதம் என்பது காக்கையின் கால்போல் உள்ளே படர்ந்த கீற்று. களங்கம் என்பது கறை. விந்து என்பது புள்ளி. ஏகை என்பது இரேகை, அதாவது கோடு. இக்காலத்து இரத்தினப் பரிசோதனைக் கூடங்களில் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துத் தேடப்படுபவையும் இவையேயன்றி வேறல்ல. தெளிவு என்னும் பண்பைக் குற்றத்தின் இன்மையாலேயே அளக்க முடியும் என்பதை அம்மணி வீதி அன்றே அறிந்திருந்தது.

இவ்விடத்திற்கு உரையெழுதிய அடியார்க்கு நல்லார் இந்நான்கோடு நிற்கவில்லை. வயிரத்தின் இழிவுகள் 12 என எண்ணிக் காட்டுகிறார். சரைமலம், கீற்று, சப்படி, பிளத்தல், துளை, கரி, விந்து, காகபாதம், இருத்து, கோடி இன்மை, கோடி முரிதல், தாரை மழுங்கல் என அந்த வரிசை செல்கிறது. கோடி என்பது முனை. தாரை என்பது விளிம்பு. குணங்களாக அவர் தருபவை ஐந்து. அவற்றுள் முதலிரண்டு, பலகை எட்டும் கோணம் ஆறும் உடைமை. இதனைப் படித்துச் செல்வோர் பலர் இஃது ஏதோ மரபுக் கணக்கு எனக் கருதிக் கடந்துவிடுவர். ஆனால், நிலத்திலிருந்து எடுத்த வயிரத்தின் இயற்கைப் படிக வடிவம் எண்முகம். இரண்டு சதுரக் கூம்புகளை அடியோடு அடி பொருத்திவைத்தாற்போன்ற அவ்வடிவத்திற்கு முகங்கள் 8, முனைகள் 6, விளிம்புகள் 12. பலகையும் கோணமும் தாரையும் அதன் உறுப்புகளே. பட்டை தீட்டப்பெறாத பச்சைக் கல்லைக் கையில் வைத்து எண்ணிப் பார்த்தவரன்றிப் பிறர் இக்கணக்கைச் சொல்லியிருக்க இயலாது. உரையாசிரியர் அதனைத் தம் காலத்து மணிநூல்களிலிருந்து எடுத்திருப்பினும், அந்நூல்களின் பின்னே தொழிலாளர் கண் இருந்தது உறுதி.

மற்றைய மணிகளுக்கும் இதே முறைதான். மரகதத்தில் ஏகை, மாலை, இருள் ஆகியவை நீங்கியிருக்க வேண்டும். முத்தில் காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் தோன்றும் குற்றங்கள் அற்றிருக்க வேண்டும். பவளத்தின் குற்றங்களைக் கூறும் சொற்களோ தனி அழகுடையவை. கருப்பத் துளை என்பது உள்ளே மறைந்திருக்கும் ஓட்டை. கல்லிடை முடங்கல் என்பது கடற்பாறையின் இடுக்கில் வளர்ந்ததால் உண்டான வளைவு. திருக்கு என்பது முறுக்கு. கடலடியில் பவளம் எவ்வாறு வளர்கிறது என்பதைக் கேட்டறிந்தவர் வைத்த பெயர்கள் இவை. கருப்பத் துளை என்னும் சொல் இன்று வழக்கில் இல்லை. ஆயினும் உள்ளே ஓட்டையுள்ள பவளத்தை மெழுகால் அடைத்து விற்கும் வழக்கம் இல்லாமற்போகவில்லை.

மாணிக்கத்தைப் பற்றிய பகுதியில் ஒரு சொல் கவனத்திற்குரியது. பதுமம், நீலம், விந்தம், படிதம் என மாணிக்கத்தின் நான்கு சாதிகளைச் சிலம்பு சுட்டுகிறது. இங்கே நீலம் என்பது நீலக்கல் அன்று. நீலச்சாயல் கலந்து தோன்றும் சிவப்பு மணியே ஆகும். விந்தம் என்பது குருவிந்தம். இக்குருவிந்தமும், இதனோடு தொடர்புடைய குருந்தம் என்னும் தமிழ் வழக்கும் ஐரோப்பியர் காதில் விழுந்து, அவர்கள் வாயில் கொரண்டம் ஆயின. உலகெங்கும் கனிமவியல் நூல்கள் மாணிக்கத்தையும் நீலக்கல்லையும் ஒரே கனிமத்தின் இரு வண்ணங்களாகக் கொண்டு, அக்கனிமத்திற்கு வழங்கும் பொதுப்பெயர் அதுவே. தென்னாட்டுக் கம்மியர் அதன் மட்டமான துகளை அரக்கோடு கலந்து சாணைக்கல் செய்து வந்தனர். கடினத்தில் வயிரத்திற்கு அடுத்த நிலையில் இருப்பது அது. அரசியின் மகுடத்தில் ஏறிய மாணிக்கமும் கத்தி தீட்டும் சாணையும் ஒரே பொருள் என்பது வேதியியல் பிறந்த பின்னர் ஐரோப்பாவில் மெய்ப்பிக்கப்பட்டது. தமிழ்ப் பெயரோ இரண்டையும் முன்பே ஒரு வேரில் கட்டியிருந்தது.

இன்னொரு பெயரும் இவ்வாறே கடல் கடந்தது. வைடூரியம் என்பதன் பிராகிருத வடிவம் வேளுரியம். கிரேக்கர் அதனைப் பெரில்லோஸ் என்றனர். அதிலிருந்து பெரில் என்னும் இக்காலப் பெயர் வந்தது. தெளிந்த பெரில் கல்லைப் பார்வைக்குத் துணையாகக் கொண்ட இடைக்கால வழக்கத்தால், செருமானிய மொழியில் மூக்குக்கண்ணாடிக்கே பிரில்லெ என்று பெயர் அமைந்துவிட்டது. பெரில் கிடைத்த இடங்களுள் ஒன்று கொங்கு நாட்டில் காங்கயத்தை அடுத்த படியூர். அதிலிருந்து தொலைவில் இல்லாத கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகளில் பெரில், சூதுபவளம், படிகம், அகேட்டு முதலிய கற்களை மணிகளாக்கிய பட்டறைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. முற்றுப்பெற்ற மணி, துளையிடும்போது உடைந்த மணி, துளையிடாத மணி, கழித்தெறிந்த சில்லு என வேலையின் ஒவ்வொரு படியும் மண்ணில் கிடந்தது. பதிற்றுப்பத்தில் அருங்கலங்களுக்குப் புகழ்பெற்றதாகப் பாடப்படும் கொடுமணம் இவ்வூரே என அறிஞர் கொள்வர். ஒரு மூக்குக்கண்ணாடியின் பெயரைத் தோண்டிச் சென்றால் அதன் அடியில் இந்நாட்டின் பண்டைச் சொல் ஒன்று கிடைக்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

சங்க இலக்கியமும் காப்பியமும் புலவர் வாக்கு; அவற்றில் புனைவு இருக்கலாம் என ஐயுறுவோர் தஞ்சைப் பெருங்கோயிலின் சுவர்களைப் படிக்க வேண்டும். 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய அக்கோயிலுக்கு முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அரச குடும்பத்தாரும் அளித்த அணிகலன்கள் கல்லில் பொறிக்கப்பெற்றுள்ளன. வீரபட்டம், ஏகாவல்லி, பதக்கம், பாசமாலை, தாழ்வடம், காறை, சூடகம், வாளி, மோதிரம் எனப் பெயர்கள் நீள்கின்றன. பெயரும் எண்ணிக்கையும் மட்டும் எழுதியிருந்தால் அது வெறும் பட்டியலாக முடிந்திருக்கும். அவ்வெழுத்தர்கள் அவ்வளவோடு விடவில்லை.

ஓர் அணியில் கோத்த முத்துகள் எத்தனை என்று சொன்னபின், அவை எவ்வெவ்வகை என்பதும் சொல்லப்படுகிறது. வட்டம் என்பது முழு உருண்டை. அனுவட்டம் என்பது உருண்டைக்கு அணுகியது. ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என்பன தொடரும் வகைகள். கறடு என்றால் கரடுமுரடானது. இரட்டை என்றால் இரண்டு ஒட்டிப் பிறந்தது. பிறகு நீரோட்டம் குறிக்கப்படுகிறது: குளிர்ந்த நீர், சிவந்த நீர். முத்தின் ஒளியை நீர் என்னும் இவ்வழக்கு இன்றும் மறையவில்லை. நீரோட்டம் பார்த்து வாங்கு என்று வயதில் மூத்த பெண்கள் சொல்வதைக் கேட்கலாம்.

வயிரங்களுக்கும் இதே நுட்பம் காட்டப்படுகிறது. மட்டத்தாரை என்பது விளிம்பு ஒழுங்கானது, சவக்கம் சதுரம், சப்படி தட்டை, உருளை உருண்டை. அடியார்க்கு நல்லார் எண்ணிய தாரையும் சப்படியும் இங்கே கல்வெட்டுத் தமிழில் நிற்கின்றன. அவற்றோடு பொத்து, முறிவு, வரை, இரத்தவிந்து, காகவிந்து, வெந்தன என்னும் குற்றங்களும் எழுதப்படுகின்றன. துளையுள்ளவை, உடைந்தவை, கோடு விழுந்தவை, செம்புள்ளி உடையவை, கரும்புள்ளி உடையவை, தீயில் வெந்தாற்போன்ற தோற்றம் உடையவை என்பது பொருள். மாணிக்கங்களிலும் கோமளம், நீலகந்தி, ஹளஹளம் என வகை பிரிக்கப்படுகிறது.

இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அளித்தவன் பேரரசன், பெற்றவர் அவன் வழிபட்ட இறைவர். சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்த கருவூலத்திலிருந்து அளித்தவையும் அவற்றுள் உண்டு. அத்தகைய கொடையில் புள்ளி விழுந்த வயிரங்கள் இருந்தன என்று அவன் கட்டிய கோயிலின் சுவரிலேயே, அவன் வாழ்நாளிலேயே எழுதுவதற்கு எழுத்தர்க்குத் துணிவு இருந்தது. அதனை எழுதவைக்க அரசனுக்கும் மனம் இருந்தது. குறையை எழுதாவிடின் என்ன நிகழும் என்பதும் அவர்கட்குத் தெரிந்தே இருந்தது. நல்ல கல்லை எடுத்துவிட்டு மட்டமான கல்லைப் பதிப்பவனுக்கு, குறை எழுதப்படாத பட்டியலே துணை. ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு முறிவும் கல்லில் ஏறிவிட்டால், அவை அம்மணியின் அங்க அடையாளங்கள் ஆகிவிடுகின்றன.

எடையிலும் இக்கண்டிப்பைக் காணலாம். பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் பெயருடைய எடைக்கல்லும், மணிகள் பொருந்திய அணிகளை நிறுக்கத் தக்ஷிணமேருவிடங்கன் என்னும் எடைக்கல்லும் வழங்கின. 2 குன்றி 1 மஞ்சாடி. 20 மஞ்சாடி 1 கழஞ்சு. சரடு, சட்டம், செப்பாணி ஆகியவற்றை நீக்கி, அரக்கும் பிஞ்சும் உட்பட என்றாற்போல, நிறுத்தபோது எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பதும் குறிக்கப்படுகிறது. குன்றிமணியும் மஞ்சாடி விதையும் தாவர விதைகளே. மேலைநாட்டார் வழங்கும் காரட்டு என்னும் அளவும் கேரப் மரத்தின் விதைப் பெயரிலிருந்து வந்ததுதான். விதையின் நிறை விதைக்கு விதை சிறிது மாறும் என்பதால், 1 காரட்டு 200 மில்லிகிராம் என 1907ஆம் ஆண்டில் வரையறுத்துக்கொண்டனர். சோழர் அதே சிக்கலைப் பெயரிட்ட எடைக்கல்லால் தீர்த்திருந்தனர்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் நடந்தவரை, முத்துகளைப் பருமன்வாரியாகப் பிரிப்பதற்கு 10 பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதற் சல்லடையில் 20 துளைகள், கடைசியில் 1000. சல்லடை அளவைத் தீர்மானித்தது. வடிவையும் நீரையும் கண்தான் தீர்மானித்தது. தரத்தில் தலையாயது ஆணி. ஆணிமுத்து, ஆணிப்பொன் என இரண்டிலும் வரும் அச்சொல் தரத்தின் அளவுகோலைக் குறிப்பது.

பொன்னுக்கு ஆணி என்பது மாற்று அறிந்த ஊசி. கட்டளைக்கல் என்னும் கருங்கல்லில் சோதிக்கவேண்டிய பொன்னை ஒருமுறை உரைப்பர். பக்கத்தில் மாற்று அறிந்த ஆணியை உரைப்பர். இரு கீற்றுகளின் நிறத்தையும் ஒப்பிடுவர். மாம்பூந்தாது படிந்த கருங்குயிலைப் பொன் உரைத்த கட்டளைக்கல்லுக்கு ஒப்பிடும் பாட்டொன்று குறுந்தொகையில் உண்டு. அத்துணைப் பழைய கருவி அது. பத்தரைமாற்றுத் தங்கம் என்று இன்றும் நல்லவரைப் புகழ்வது இம்மாற்றுக் கணக்கை வைத்தே. சோழர் கல்வெட்டுகளில் தண்டவாணி என்னும் பெயர் வருகிறது. ஒரு பொன் தண்டவாணிக்குக் கால் மாற்றுக் குறைந்ததா மிகுந்ததா என்பது எழுதப்படும். மதுரைப் பொற்கடை வீதியிலோ சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்னும் நால்வகைப் பொன் விற்கும் இடங்களில், வாங்குவோர் மயங்காதிருக்கப் பொன் அறிவார் கொடி நாட்டியிருந்தனர் என்று சிலம்பு கூறுகிறது.

பட்டறைச் சொற்களைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். அவை நூலேறியவை குறைவு. தட்டார் வாயிலும் அவர்தம் பிள்ளைகள் வாயிலும் வாழ்ந்தவை. பொன் உருக்கும் சிறு மண்கலம் மூசை. நெருப்பை ஓரிடத்தில் குவிக்க வாயால் ஊதும் வளைகுழல் ஊதுகுழல். உமிக் கனல் இருக்கும் சட்டி உமிச்சட்டி. இரு துண்டுகளைப் பற்றவைக்க இடுவது பொடி. அது ஓடிப் பரவத் துணைசெய்வது வெண்காரம். காதணியின் பின்னே திருகுவது திருகாணி. அது நுழையும் குழல் சுரை. மெல்லிய பொன்தகட்டை ஓரத்தில் அழுத்திக் கல்லை இறுக்குவது குந்தன் வேலை. நகாசு என்னும் சொல் பாரசீகம் வழியாக வந்தது; கெம்பு கன்னடத்துச் சொல், சிவப்பு என்பது அதன் பொருள். கல் அமரும் குழிக்குச் சிலப்பதிகாரம் வழங்கும் பெயர் கேவணம். அச்சொல் வழக்கிழந்தது ஓர் இழப்பே. இன்று கல் கட்டும் இடம் என்று மூன்று சொற்களால் சொல்லவேண்டியிருக்கிறது.

இனி, சமணர் இல்லங்களுக்கு இச்சொற்களோடு உள்ள உறவைக் காண்போம். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் மூன்றையும் மும்மணி என்று போற்றும் சமயம், தன் நூல்களுக்கும் மணிப்பெயர்களையே சூட்டியது. சிந்தாமணி, சூளாமணி ஆகிய காப்பியங்களும், மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டும் அவ்வகையின. சமந்தபத்திரர் இல்லறத்தார்க்கு அருளிய நூலின் பெயர் இரத்தின கரண்டகம், அதாவது மணிப்பேழை. அதனைத் தழுவித் தமிழில் எழுந்த நூல் அருங்கலச்செப்பு என்னும் பெயரைப் பெற்றது. அருங்கலம் அரிய அணி. செப்பு அதை வைக்கும் பேழை. வடமொழிப் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளாமல், தமிழ்ப் பெண்டிர் நகை வைக்கும் பெட்டியின் பெயரையே இட்டுக்கொண்ட அப்புலவரின் சொல்லுணர்வு பெரிது.

அம்மணிப்பேழைக்குள் வணிகர்க்கென்றே அமைந்த பகுதி ஒன்று உண்டு. கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்கு நேரும் ஐந்து அதிசாரங்களைச் சமந்தபத்திரர் வகுக்கிறார். திருட ஏவுதல், திருடிய பொருளை வாங்குதல், அரசின் விதியை மீறுதல் ஆகியவற்றோடு, ஒத்த தோற்றமுடைய பொருளைக் கலத்தலும், கூட்டியும் குறைத்தும் அளத்தலும் அவற்றுள் அடங்கும். தத்துவார்த்த சூத்திரமும் இதனையே பிரதிரூபக வியவகாரம் என்கிறது. போலியைக் கொண்டு வாணிகம் செய்தல் என்பது பொருள். இங்கே நோக்கவேண்டியது ஒன்று. போலியைக் கலந்து விற்பதைப் பொய் என்னும் குற்றத்தின்கீழ் இவர்கள் வைக்கவில்லை, களவின்கீழ் வைத்தார்கள். வாய் திறந்து ஒரு பொய்யும் சொல்லாமலேயே, பேசாமல் இருந்தே, சிவப்புக் கண்ணாடியை மாணிக்கத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். அவ்வாறு பேசாதிருந்தவனுக்கும் தப்பிக்க வழி வைக்காத வகுப்புமுறை இது. குற்றத்திற்குச் சொல் இருக்கும்போது அதைச் சொல்லாமல் விடுவது ஒரு செயல் ஆகிவிடுகிறது.

இந்நெறியில் வந்த ஒருவரை வடநாட்டு வரலாறு காட்டுகிறது. தக்குர பேரு என்பவர் தில்லியில் அலாவுதீன் கில்சியின் அரசுப் பணியில் இருந்த சுவேதாம்பர சமணர். இரத்தினங்களை ஆராயும் முறை பற்றி 1315ஆம் ஆண்டில் ரயணபரிக்கா என்னும் நூலைப் பிராகிருதத்தில் இயற்றினார். மூன்றாண்டுகளுக்குப் பின் நாணயங்களின் பொன், வெள்ளி அளவை ஆராயும் திரவிய பரீட்சை என்னும் நூலையும் எழுதினார். பழைய மணிநூல்கள் சொல்வதைத் திரும்பச் சொல்வதோடு நில்லாமல், சுல்தானின் கருவூலத்தில் தாம் கண்ட மணிகளைக் கொண்டும் அவர் எழுதினார். 1311ஆம் ஆண்டில் மாலிக் கபூர் தென்னாட்டிலிருந்து வாரிச் சென்ற செல்வம் அக்கருவூலத்தை அடைந்து நான்காண்டுகளே ஆகியிருந்த காலம் அது. பாண்டிய நாட்டு முத்துகளும் அவர் கையில் புரண்டிருத்தல் கூடும். அந்நூல்களின் சுவடி பல நூற்றாண்டு மறைந்து கிடந்து, 1946ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நாகட்டா குடும்பத்து அறிஞர்களால் கண்டெடுக்கப்பட்டது. மண்டல புருடர் சொற்களைச் செய்யுளில் கோத்துக் காத்தார். பேரு பொருள்களைத் தொட்டுப் பார்த்து எழுதினார். இருவர் பணியும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை.

இக்காலக் கடைகளில் வழங்கும் சொற்களோ வேறு திசையில் நடக்கின்றன. பழைய சொற்கள் குறையைக் கூறின. புதியவை பெரும்பாலும் அதனை மறைக்கின்றன. அமெரிக்கன் டைமண்ட் என்பது வயிரமும் அன்று, அமெரிக்காவினதும் அன்று. அது சிர்கோனியம் ஆக்சைடு. அதனைப் பெருமளவில் செய்யும் முறையை 1970களில் உருவாக்கியவர்கள் மாஸ்கோவின் அறிவியலாளர்கள்! ஜாகர் வயிரத்தோடு என்று பாட்டிமார் பெருமையோடு சொல்வது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்து நீலச்சாயல் கல்லை. அச்சுரங்கம் 1971ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் கடைகளில் மூடப்படவில்லை. கெம்பு என்று விற்பது மாணிக்கமா, செயற்கைக் கல்லா, நிறக்கண்ணாடியா என்பதை அப்பெயர் சொல்வதில்லை. ஆய்வகத்தில் விளைவித்த வயிரம் வேதியியற்படி வயிரமே; ஆயினும் நிலத்தில் பிறந்தது எது, கருவியில் பிறந்தது எது என்று விற்பவன் சொல்லவேண்டும். சொல்லாவிடின் சமந்தபத்திரரின் நான்காம் அதிசாரம் அவனுக்குப் பொருந்தும்.

பொன்னைப் பொறுத்தவரை நிலைமை சற்று மேல். 22 காரட்டுப் பொன்னுக்கு 916 என்னும் முத்திரை கட்டாயமாகும் நடைமுறை 2021ஆம் ஆண்டு சூன் திங்களில் தொடங்கியது. 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளம் வேண்டும் என்றாயிற்று. கல்லுக்கு அத்தகைய கட்டாயம் இன்னும் வரவில்லை. திருமண வீட்டார் கடையில் செய்கூலி, சேதாரம் ஆகிய இரண்டையே பேசிப் பேசிக் குறைப்பர். கல் பதித்த நெக்லசை நிறுத்த எடையில் கல்லும் அரக்கும் எவ்வளவு என்று கேட்பவர் சிலரே. கேளாவிடின் கண்ணாடிக்கும் அரக்குக்கும் பொன் விலை கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். அதே நகை சில ஆண்டுகள் கழித்து விற்கப் போகும்போது, கல்லை நீக்கிவிட்டுத்தான் எடை போடுவார்கள். வாங்கும்போது ஒரு தராசு, விற்கும்போது ஒரு தராசு. கூட்டியும் குறைத்தும் அளத்தல் என்று நூல் சொன்னது இதுவே. சரடு எவ்வளவு, அரக்கு எவ்வளவு, பொன் எவ்வளவு, கல் எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரும்படி இரசீதில் கேட்பது தவறாகாது. தஞ்சைக் கோயிலில் பேரரசனிடமே அப்படிக் கணக்கு வாங்கியிருக்கிறார்கள்.

மணி வீதியையும் பொன் வீதியையும் கண்டு திரும்பிய கோவலன், மறுநாள் சிலம்பை விற்கப் பொற்கொல்லனிடம் கொடுத்தான். அக்கொல்லன் அதனைக் கூர்ந்து நோக்கினான்: மாணிக்கமும் வயிரமும் பதித்த கேவண வரிசையையும், பொன்னின் வேலைப்பாட்டையும், குடைச்சூலையும். குடைச்சூல் என்பது உள்ளே குடைந்து, பரல் இட்டு அடைக்கப்பெற்றது. புறத்தைக் கண்டவன், தான் திருடிய அரசியின் சிலம்பு போலவே இஃது இருப்பதை அறிந்து அரசனிடம் ஓடினான். ஒத்த தோற்றம் ஒன்றே அவன் சான்று. மதுரையில் வயிரத்தின் காகபாதத்தையும் பவளத்தின் கருப்பத் துளையையும் அறிந்த வல்லுநர் வீதி நிறைய இருந்தனர். அரசன் அவர்களுள் ஒருவரையும் அழைக்கவில்லை. சிலம்பு கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று கொண்டுவருக என்று காவலரிடம் கூறிவிட்டான். காவலருள் ஒருவன், இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என ஐயுற்றான். அவனும் சிலம்பைத் திறந்து பார்க்கச் சொல்லவில்லை. பின்னர் அரசவையில் கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசன் தங்கள் சிலம்பின் பரல் முத்து என்றான். உள்ளே இருப்பது என்ன என்பது அதுவரை எவராலும் கேட்கப்படவில்லை.